அரசியல் அறிவியல் மாணவருக்கு எந்த ஆங்கிலம் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கலைக் கல்லூரிகளில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வரவில்லை, எல்லாக் கல்லூரிகளிலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அரசியல் அறிவியல் படிக்கும் பிள்ளைகளைப் பொறுத்தவரை நோய் ஒன்றாகவும் மருந்து வேறாகவும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பதினோரு வருடமாக இந்தப் பாடத்தைக் கௌரவ விரிவுரையாளராக நடத்தி வருகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ்வழியில் படித்து வந்தவள் நான். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முழுமையாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

2009-ல் மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். செமினாரில் எனக்கு வந்த தலைப்பு 73-வது அரசியல் சட்டத் திருத்தம், அதாவது பஞ்சாயத்து ராஜ். கையில் இருந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். பெண்களுக்கான இட ஒதுக்கீட்டைச் சொல்லும் 243டி பிரிவில் 'நாட் லெஸ் தேன் ஒன் தேர்ட்' என்று வரும். 'நாட்' என்பதும் 'லெஸ்' என்பதும் அடுத்தடுத்து வந்ததில் எனக்குப் பொருள் தலைகீழாகிவிட்டது. "மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும்" என்று நோட்டில் எழுதி, வகுப்பில் அதையே எழுந்து நின்று சொன்னேன். எதிரே முப்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. பாடம் எடுத்தவரும் தலையசைத்தார். மார்க்கும் நன்றாகவே வந்தது.

அன்று ராத்திரி வீட்டில் அம்மா கேட்டார், "என்னத்தா பேசுன இன்னைக்கு?" அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, அந்தத் திருத்தத்தின் பேரில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு ஒன்றில் பூட்டு சாவி சின்னத்தில் நின்று ஜெயித்தார். ஐந்து வருடம் ஊராட்சி உறுப்பினராக இருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அதனால் ரொம்ப உற்சாகமாக, "நீ மெம்பரா இருந்தேல்லம்மா, அந்தச் சட்டத்தப் பத்தித்தான்" என்று ஆரம்பித்து, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் என்பது வரை சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"மேல போகக் கூடாதுன்னா சட்டத்துல இருக்கு? ஒம்போது வார்டுல நாங்க நாலு பொம்பளைக உக்காந்திருந்தோமே. நாலாவது ஆளு எப்படித்தா வந்துச்சு?"

நான் போய்ப் புத்தகத்தை எடுத்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'குறையாமல்' என்றுதான் இருந்தது. ஒன்பதில் மூன்று இடம் கட்டாயம். அதற்கு மேல் எத்தனை பெண்கள் வந்தாலும் சட்டம் தடுக்கவில்லை. நாலாவது உறுப்பினர் பொது வார்டில் நின்று ஜெயித்த ஒரு சித்தி. 2016-ல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் கொண்டுவந்ததே, அதற்கு இடம் கொடுத்ததும் இந்த 'குறையாமல்'தான். நான் படித்ததுபோல் 'மிகாமல்' என்று இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது. முப்பது பேர் உட்கார்ந்திருந்த முதுகலை வகுப்பில் பிடிபடாத தப்பை எங்கள் அம்மா தன் அனுபவத்தைச் சாட்சியாக வைத்துப் பிடித்தார். அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. இன்று நான் வகுப்பெடுக்கும் முறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாசகர் நினைப்பதுபோல் எனக்கு அன்று பேச்சு ஆங்கிலம் சரளமாக வந்திருந்தால், அதே தப்பைச் சரளமாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். 'மை நேம் இஸ்' என்று தொடங்கித் தன்னை அறிமுகம் செய்துகொள்வது, கடையில் விலை கேட்பது, நேர்முகத் தேர்வில் கைகுலுக்குவது எல்லாம் வேண்டியவைதான். கோரிப்பாளையத்திலிருந்து காளவாசல் வரை சுவரெல்லாம் அதற்கான விளம்பரங்கள் இருக்கின்றன. ஆனால் சட்டப் பிரிவு ஒன்றையோ, அரசியல் கோட்பாட்டுக் கட்டுரை ஒன்றையோ கையில் எடுத்து, எழுதியவர் எதை உறுதியாகச் சொல்கிறார், எதைத் தயங்கிச் சொல்கிறார், எதை மறுக்கிறார் என்று பிரித்துப் படிக்கும் ஆங்கிலம் வேறு. அதை யாரும் எங்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பட்டப் படிப்பில் பொதுப் பாடமாகப் பகுதி இரண்டு ஆங்கிலம் என்று நாலு பருவம் நடக்கிறது. கதை, கவிதை, கொஞ்சம் இலக்கணம் படிக்கிறார்கள். அது தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகுப்புக்கும் அடுத்த மணியில் வரும் அரசியல் சட்டப் பாடத்துக்கும் நடுவில் பாலமே இல்லை.

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் சில பிள்ளைகளும் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கூடுகிறோம். 2023 ஜூலையில் அந்த நூலகம் திறந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம். உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர், மேலூர் என்று பல பக்கத்திலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். உள்ளே ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் படிப்போம். அப்புறம் வெளியே வந்து படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து பேசுவோம். ஒரு நாளைக்கு ஒரு பத்திதான், அதற்கு மேல் கிடையாது.

முதலில் எடுத்தது 1949 நவம்பர் 25-ல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரை. அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையுமாக ஒரு முரண்பாடுகளின் வாழ்க்கைக்குள் 1950 ஜனவரி 26 அன்று நுழையப் போகிறோம் என்று அவர் சொல்லும் இடம். வாக்கியங்கள் சின்னவை. சொல்லும் விஷயம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது. விஷயம் தெரிந்திருந்தால் மொழி பாதி வழி தானாக வந்துவிடுகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். ஆங்கிலத்தைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பெண் அந்தப் பத்தியை இரண்டு முறை சத்தமாக வாசித்தாள். யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை.

அப்புறம் 356-வது பிரிவை எடுத்தோம். மாநில ஆட்சியைக் கலைக்கும் பிரிவு என்பது தமிழ்நாட்டில் டீக்கடைக்குக்கூடத் தெரியும். ஆளுநரிடமிருந்து அறிக்கை கிடைத்தோ 'ஆர் அதர்வைஸ்' குடியரசுத் தலைவர் 'சேட்டிஸ்ஃபைட்' ஆனால் என்று அது தொடங்குகிறது. பேரையூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் நோட்டில் 'குடியரசுத் தலைவர் திருப்தி அடைந்தால்' என்று எழுதியிருந்தான். "ஒரு ஆட்சி சரியில்லைன்னு அறிக்கை வந்தா எதுக்கு மேடம் அவரு திருப்தி அடையணும்?" என்று கேட்டான். ரொம்ப நியாயமான கேள்வி. அகராதியில் முதலில் போட்டிருக்கும் அர்த்தம் திருப்தி. இங்கே அதற்கு 'ஆதாரங்களைப் பார்த்து நிச்சயமாகிவிட்டால்' என்று பொருள். அந்தச் சொல்லைச் சுற்றித்தான், ஆட்சி கலைக்கப்பட்ட கர்நாடக முதல்வர் எஸ்.ஆர்.பொம்மையின் வழக்கே நடந்தது. 1994-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதில் தீர்ப்புச் சொன்னது. குடியரசுத் தலைவருக்கு அப்படி நிச்சயமானது எதனால் என்று நீதிமன்றம் பார்க்கலாம், ஓர் ஆட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றது. 'திருப்தி' என்று படித்தவன் அந்தத் தீர்ப்புக்குள் நுழையவே முடியாது.

அவனுடைய அடுத்த கேள்வி 'ஆர் அதர்வைஸ்' பற்றியது. "அதர்வைஸ்னா 'இல்லாவிட்டால்'னுதானே?" பேச்சு ஆங்கிலத்தில் அப்படித்தான். இந்த இடத்தில் 'வேறு வழியில் தெரியவந்தாலோ' என்று பொருள். 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டபோது, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை அனுப்பவில்லை. இந்த இரண்டு வார்த்தைகளைக் கொண்டுதான் கலைத்தார்கள். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு பையன் மெதுவாக, "எங்க தாத்தா இன்னமும் அதப் பேசுவாரு மேடம். ஆனா அது இந்த வார்த்தையிலதான் இருக்குன்னு அவருக்குத் தெரியாது" என்றான். அடுத்த வாரம் வந்ததும் முதல் வேலையாக, தாத்தாவிடம் சொல்லிவிட்டேன் என்றான்.

இப்படிச் சின்னச் சின்னச் சொற்களில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். பெரிய சொற்களுக்கு எப்படியாவது அர்த்தம் தேடிக்கொள்கிறார்கள். 'சாவரின்ட்டி' என்றால் இறையாண்மை என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே தெரியும். 'சப்ஜெக்ட் டு' என்று சட்டத்தில் வந்தால் 'பாடம்' என்று நினைக்கிறார்கள், 'இதற்கு உட்பட்டு' என்று தெரிவதில்லை. 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று வந்தால் யாரோ நிற்கவில்லை என்று நினைக்கிறார்கள். 'எது எப்படி இருந்தாலும் இதுவே செல்லும்' என்று அதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவ்வளவே.

'ஸ்டேட்' என்ற சொல்லுக்கு மட்டும் நாங்கள் இரண்டு ஞாயிறு செலவழித்தோம். அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் வரும் 'ஸ்டேட்ஸ்' மாநிலங்கள். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று சொல்வதும் அங்கேதான். 12-வது பிரிவில் வரும் 'ஸ்டேட்' அப்படியல்ல. ஒன்றிய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், நம் ஊர் பஞ்சாயத்து வரை எல்லாம் அதற்குள் அடங்கும். கோட்பாட்டுப் பாடத்துக்குப் போனால் அதே சொல் 'அரசு' என்ற முழு அமைப்பையே குறிக்கும். இன்றைக்கு ஆள்கிறவர்கள் 'கவர்ன்மென்ட்'. அவர்கள் மாறுவார்கள், 'ஸ்டேட்' மாறாது. ஒரு தேர்வுத்தாளில், 1919-ல் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் ஆற்றிய உரையில் அரசுக்கு அவர் சொன்ன இலக்கணத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரு மாணவி மாநிலத்துக்கு மட்டுமே வன்முறையைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று தொடங்கி, மாநிலக் காவல்துறை பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். உழைப்பு முழுக்க வீண். வேபர் சொன்னதில் இன்னும் இரண்டு சொல் முக்கியம். நியாயமானது என்று ஏற்கப்பட்ட பலம் என்கிறார். அந்தப் பலத்துக்கு அரசு தனியுரிமை 'கோருகிறது' என்கிறார். 'க்ளெய்ம்ஸ்' என்ற அந்த வினைச்சொல்லை விட்டுவிட்டால், கோருவதற்கும் வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் போய்விடும். அந்த வித்தியாசம்தான் கேள்வியே.

எழுதுபவர் எவ்வளவு உறுதியோடு பேசுகிறார் என்பதைக் காட்டும் சொற்களைப் பற்றியும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு 1996-லிருந்து ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியாமல் கிடந்து, 2006-ல்தான் நடந்தது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. சொந்த மண்ணைப் பற்றி அடுத்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் 'அலெஜட்லி', 'ரிப்போர்ட்டட்லி' என்று பல இடத்தில் வந்தது. அந்தப் பக்கத்துப் பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கே தெரிஞ்ச விஷயம் மேடம். எதுக்கு 'சொல்லப்படுகிறது'ன்னு இழுக்கணும்? பயமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. கட்டுரையை வரி வரியாகப் பிரித்தோம். அரசு ஆவணத்திலிருந்து எடுத்தது எது, நேரில் பார்த்து எழுதியது எது, ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியது எது என்று மூன்று நிறத்தில் கோடு போடச் சொன்னேன். கோடு போட்டு முடித்ததும் அவனே பார்த்தான். காதில் கேட்டதற்கு மட்டும்தான் அந்தச் சொற்கள் இருந்தன. ஆவணம் இருந்த இடத்தில் கட்டுரையாளர் நேரடியாகவே எழுதியிருந்தார். "அப்ப இந்த வரியை நாளைக்கு யாரும் பொய்னு சொல்ல முடியாது" என்றான் அவன். அந்த மூன்று நிறப் பென்சில்களை இன்னும் பையிலேயே வைத்திருக்கிறான்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிது, ஆங்கிலேயர் கொண்டுவந்த பழக்கம் என்று ஒரு எண்ணம் படித்தவர்களிடமே இருக்கிறது. அது சரியில்லை என்பதை எனக்குக் காட்டியவர் நூலகத்துக்குத் தினமும் செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். நாங்கள் வெளியே உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று 'கன்சீட்', 'கன்டென்ட்' (வாதிடுவது), 'ரெஃப்யூட்' (தவறென்று காட்டுவது), 'மெய்ன்டெய்ன்' என்ற வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'கூறுகிறார்' என்றே எழுதுவார்கள். அவர் கூறுகிறார், இவர் கூறுகிறார். அவரும் இவரும் சண்டை போடுகிறார்கள் என்பதே விடைத்தாளில் தெரியாது. 'மெய்ன்டெய்ன்ஸ்' என்றால் பராமரிக்கிறார் என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

"கன்சீட்னா என்னம்மா?" என்று ஐயா கேட்டார்.

"எதிர்த் தரப்பு சொல்றதுல ஒரு பகுதிய ஒத்துக்கிட்டு, அப்புறம் மத்ததுக்கு வர்றது ஐயா."

"அட, இதுதானே நன்னூல்ல இருக்கு" என்றார். பவணந்தியார் சொல்லும் எழுவகை மதத்தை அப்படியே ஒப்பித்தார். மதம் என்றால் அங்கே கொள்கை. பிறர் சொன்னதற்கு உடன்படுவது, மறுப்பது, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபட்டால் ஒருவர் பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, பிறர் கொள்கையோடு சேராமல் தன் கொள்கையையே கொள்வது. மேற்கொண்டு களைவது என்றால் முதலில் உடன்பட்டுப் பின்னால் மறுப்பது. எங்கள் நோட்டில் இருந்த ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாக அந்த ஏழுக்கும் நேராக வைத்துப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாம் பொருந்தின. 'மெய்ன்டெய்ன்' என்பதைத் 'தனாது நிறுப்பு' (தன் கொள்கையை நிலைநிறுத்துவது) என்ற இடத்தில் வைத்ததும் அந்தப் பெண்ணுக்குப் பராமரிப்பு போயே போய்விட்டது. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதும்போது மற்றவர்கள் சொன்ன பொருளை 'என்று உரைப்பாரும் உளர்' என்று எடுத்துக் காட்டுவார், ஆங்கிலக் கட்டுரைகளில் பிறர் கருத்தைக் குறிப்பிட்டு விவாதிப்பதும் அந்த வேலைதானே என்று ஐயா கேட்டார். பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்த பிள்ளைகள்தான் எல்லோரும். பகுதி ஒன்று தமிழையும் பகுதி இரண்டு ஆங்கிலத்தையும் சேர்த்துவைத்துப் பார்க்க ஒருவரும் சொல்லித் தரவில்லை. எனக்கும்தான்.

அந்த வேகத்தில் அரசியல் அறிஞர் ரஜினி கோத்தாரி 1964-ல் எழுதிய, இந்தியாவில் காங்கிரஸ் 'முறை' பற்றிய கட்டுரைக்குள் போனோம். அதில் காங்கிரஸைக் கருத்தொருமைக் கட்சி என்றும் மற்றவற்றை அழுத்தம் தரும் கட்சிகள் என்றும் பிரிப்பார். பாடத்தில் வரும் அழுத்தக் குழுக்கள் (தேர்தலில் நிற்காமல் அரசை வற்புறுத்தும் சங்கங்கள்) வேறு, இது வேறு. வினைச்சொற்களைப் பிடித்துக்கொண்டு படித்ததால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

இந்த ஆங்கிலம் இல்லாமல் போனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் பலரும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வு எழுதுகிறார்கள். அரசியல் அறிவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. அதில் கூற்று, காரணம் என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் அந்தக் காரணம் இந்தக் கூற்றுக்கு விளக்கம் ஆகாது என்பது ஒரு விடை. பாடம் தெரிந்த பிள்ளை 'பட்' என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டு மதிப்பெண் இழக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் கேள்வியை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்க வேண்டும். 'கிரிட்டிக்கலி எக்ஸாமின்' என்று கேட்டால் குறைகளை மட்டும் அடுக்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. சீர்தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள் என்று வெளியே வந்த பிறகு தெரிகிறது. இந்தத் தேர்வுகளின் கேள்வித்தாள்கள் தமிழிலும் வர வேண்டும் என்று நாம் விடாமல் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அது வரும்வரை இந்தப் பிள்ளைகளின் வயசு காத்திருக்காதே.

ஃபோனில் படம் எடுத்தால் ஒரு நொடியில் தமிழில் வந்துவிடுகிறதே, எதற்கு இவ்வளவு சிரமம் என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்களும் ஃபோனைப் பயன்படுத்துகிறோம். தடுக்கவில்லை. முதலில் பிள்ளை தானே ஒரு தடவை தமிழில் எழுத வேண்டும், அப்புறம் ஃபோன் தருவதோடு ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் அன்றைய பேச்சே சூடு பிடிக்கும். 'குறையாமல்' சரியா 'மிகாமல்' சரியா என்று தீர்மானிக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மாவாக இருந்தார். தேர்வு அறைக்குள் ஃபோனும் வராது, அம்மாவும் வர முடியாது.

எழுதுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைடில் இருப்பதை அப்படியே எழுதுவது சோம்பேறித்தனத்தால் என்று பலரும் திட்டுகிறார்கள். நான் பார்த்த வரையில் பயம்தான் காரணம். தன் ஆங்கிலத்தில் எழுதினால் தப்பு வரும், கைடில் தப்பு இருக்காது. ஆனால் முதுகலை, ஆராய்ச்சி என்று மேலே போனால் அதே பழக்கம் கருத்துத் திருட்டாகிவிடும். அதற்கு யுஜிசி 2018-லேயே விதிமுறை கொண்டுவந்து, எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் என்ன தண்டனை என்று வகுத்திருக்கிறது. முதலாமாண்டில் வாரம் ஐந்தே வரி, தப்போடு, சொந்தமாக எழுதவிட்டால் மூன்றாமாண்டில் இந்தப் பயம் இருக்காது. முதல் வரியில் நீ என்ன சொல்ல வருகிறாய், அடுத்த வரிகளில் எதை வைத்துச் சொல்கிறாய். எங்கள் அம்மா அன்று பேசியதும் அந்த வரிசைதான். உன் பொருள் தப்பு, ஏனென்றால் ஒன்பதில் நாலு பேர் இருந்தோம்.

கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் பெரிய செலவு பிடிப்பதல்ல. பகுதி இரண்டு ஆங்கிலத்தில் வாரம் ஒரு மணி நேரத்தை மட்டும், மாணவர் எந்த முதன்மைப் பாடம் படிக்கிறாரோ அந்தப் பாடத்தின் பத்திகளைப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். ஆங்கில ஆசிரியரும் அரசியல் அறிவியல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கட்டும். முடிந்தால் தமிழ் ஆசிரியரும் வரட்டும். அதற்கான பத்திகளை வெளியே தேட வேண்டாம். அரசியல் சட்டம் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சிலவற்றின் தமிழாக்கம் நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, எங்கே பொருள் மாறுகிறது என்று எழுதிவருவதை அகமதிப்பீட்டில் சேர்த்தால், கைடைப் பார்த்து எழுதவே முடியாத ஒரு பயிற்சியாக அது அமையும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு நாள், கால் பக்கம் போதும், அந்த வாரச் செய்தியில் அடிபடும் ஒரு சட்ட வரியை மூல ஆங்கிலச் சொற்களோடும் தமிழோடும் போட்டு, அதில் உள்ள ஒரு சின்னச் சொல்லை விளக்கி வெளியிடுங்கள். சட்டமன்றம் அனுப்பும் மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைக்கும் விவகாரத்தில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஒன்று சொன்னார்கள், நவம்பரில் ஐந்து நீதிபதிகள் வேறு மாதிரி சொன்னார்கள். தலைப்புச் செய்தியாக எல்லோரும் படித்தோம். ஆனால் 200-வது பிரிவின் முதல் காப்புரையில் (பிரிவோடு சேர்ந்து வரும் நிபந்தனை வரி) ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பும் இடத்தில் 'மே' (செய்யலாம்) என்றும், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பிய பிறகு ஒப்புதலை நிறுத்திவைக்கும் இடத்தில் 'ஷல் நாட்' (செய்யக் கூடாது) என்றும் இருப்பதை எத்தனை மாணவர்கள் கவனித்திருப்பார்கள்? 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' (முடிந்தவரை சீக்கிரம்) என்பதற்கு எத்தனை நாள் என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே அந்த வரியைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தினமும் கைக்கு வரும் ஒரே வாசிப்பு தங்கள் நாளிதழ்தான். டீக்கடையிலும் சலூனிலும் அதைப் பார்க்கிறார்கள். அதில் வந்தால் படிப்பார்கள்.

வருகிற ஞாயிறு அந்த 200-வது பிரிவைத்தான் எடுக்கிறோம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.